ஒரு டீ, ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு வயது 44. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு டீ குடிக்கிறேன். ஆனால் எதையும் குடித்ததாக நினைவில் இருப்பதில்லை. தம்ளரின் அடியில் தூளைப் பார்க்கும்போதுதான் முடிந்துவிட்டது என்றே தெரிகிறது. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கைக் காணொளியில் பார்த்து ஆசைப்பட்டு மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள், மூங்கில் மத்து, கிண்ணம் எல்லாம் வாங்கினேன். விடியற்காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அந்தக் கசப்பும் பிடிக்கவில்லை; மனமும் அன்றைய கணக்கு வழக்குகளுக்கே ஓடியது. மாமியார் 'டீ குடிக்கிறாயா, பூஜை செய்கிறாயா?' என்று கேட்டுச் சிரிக்கிறார். பாலும் சர்க்கரையும் போட்ட நம் வீட்டு டீயை வைத்துக்கொண்டே தினமும் கொஞ்ச நேரம் கவனத்தோடு இருக்க வழி உண்டா? ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறேன். டீயையே விட்டுவிட வேண்டுமா? இரவில் தூக்கமும் சரியில்லை. வாங்கி வைத்த மாட்சாவை என்ன செய்வது?

— வாசகி, திருச்சி

பதில் அளிப்பவர்: குன்னூரில் பணிபுரியும் தேயிலைச் சுவைஞர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் கேட்டதில் விஷயம் இருக்கிறது. வீட்டில் யாரும் குடிக்காத ஒரு பானத்தை, யாரும் விழித்திராத நேரத்தில், யாருக்கும் கொடுக்காமல் நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் அதை டீ என்று அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? ஜப்பானியத் தேநீர் ஆசான்களே அதை ஒப்புக்கொள்வது கடினம். காணொளியில் கிண்ணம் தெரிகிறது, ஆவி தெரிகிறது, அமைதியான இசை கேட்கிறது. அந்தச் சடங்கின் முக்கியமான ஆள் மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. அவர் விருந்தாளி.

பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ (1522–1591) என்ற ஜப்பானியத் தேநீர் ஆசான் செம்மைப்படுத்திய முறையில் தேநீர் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்துதருவது. தேநீர்க் குடிலின் வாசல் மிகச் சிறியது. யாராக இருந்தாலும் குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். போர்வீரரான சாமுராய்கூட வாளை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும். சாப்பாடு, கெட்டித் தேநீர், மெல்லிய தேநீர் என்று முழு உபசாரமும் நடந்து முடிய ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் உபசரிப்பவரின் கைக்கு ஓய்வே கிடையாது. பட்டுத்துணியை எப்படி மடிப்பது, அகப்பையை எந்தக் கோணத்தில் வைப்பது, கிண்ணத்தின் எந்தப் பக்கம் விருந்தாளியை நோக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. இவற்றைப் பழகவே ஆண்டுக்கணக்கில் ஆகிறது. பார்ப்பவருக்குச் சாந்தமாகத் தெரிகிறது. செய்பவருக்கோ அது இடைவிடாத வேலை.

நீங்கள் பாத்திரங்களை வாங்கினீர்கள். விருந்தாளியும் இல்லை, கைக்கு வேலையும் இல்லை. வேலையில்லாத மனம் வங்கிக் கணக்குக்குப் போகாமல் வேறெங்கே போகும்? இரண்டு வாரம் தாக்குப்பிடித்ததே பெரிது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. வாராந்தர ஏலத்துக்கு வரும் தூள் மாதிரிகளைச் சுவைத்துத் தரம் சொல்வது என்னைப் போன்றவர்களின் வேலை. நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக இருக்கும். சுமார் 2.8 கிராம் தூள், 140 மில்லி கொதிநீர், மூடி, ஐந்தாறு நிமிடம். பிறகு வடித்து, ஊறிய இலையின் நிறத்தையும் மணத்தையும் பார்த்து, கரண்டியால் ஒரு வாய் எடுத்து, உறிஞ்சி, சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த குவளைக்கு நகர வேண்டும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குவளைகள் வரும். அறையில் அமைதி என்பதே இருக்காது. எல்லோரும் 'சுர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுகிறோம், துப்புகிறோம், நடந்துகொண்டே விலை சொல்கிறோம். எங்கள் அறையைத் தியானத்துக்கு உதாரணமாக யாரும் படம் பிடிக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் போவதில்லை. இதற்குத் தனியாக ஒரு பயிற்சியும் நான் எடுத்ததில்லை. ஒவ்வொரு குவளை முன்னாலும் ஒரு கேள்வி இருக்கிறது, அதுதான் காரணம். இது நேற்று வந்ததைவிடத் துவர்ப்பா? தூளை உலர்த்தும்போது கருகவிட்டார்களா? இலையைப் பறித்து ஆலைக்குக் கொண்டுவர நேரமாகிவிட்டதா? சில நொடிகளில் பதில் சொல்ல வேண்டும். பதில் தேடும் நாக்கு சும்மா இருக்க முடியாது. அதோடு மனமும் உட்கார்ந்துவிடுகிறது.

ஆகவே என் யோசனை இதுதான். நாள் முழுக்கக் குடிக்கும் ஆறு டீயையும் கவனத்தோடு குடிக்க முயலாதீர்கள். அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த ஒன்றிடம் தினமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மற்ற டீக்களைக் கைபேசி பார்த்துக்கொண்டோ, பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டோ குற்றவுணர்ச்சி இல்லாமல் குடியுங்கள்.

எந்த டீ என்று கேட்டால், காலையில் வீட்டில் நீங்களே போடும் முதல் டீ. அலுவலக டீ உங்கள் கையில் இல்லை. யாரோ ஃபிளாஸ்கில் கொண்டுவருகிறார்கள், அது எப்போது போட்டது என்பது அவருக்கே நினைவிருக்காது. காலை டீயை எப்படியும் நான்கு பேருக்காக நீங்கள் போடுகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, விடியலுக்கு முன்பே எழவும் வேண்டியதில்லை. ஏற்கெனவே செய்கிற வேலைக்குள்ளேயே இதை வைத்துவிடலாம்.

பால் போட்ட டீயில் என்ன நுணுக்கம் தெரியப்போகிறது என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. பாலில்லாத டீதான் உயர்ந்தது, பாலும் சர்க்கரையும் போட்டால் அது பாமர ருசி என்று ஒரு பேச்சு இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவைப்பதற்காகத் தேநீர் தயாரிக்கும் முறையைச் சொல்லும் சர்வதேசத் தர விதியான ஐ.எஸ்.ஓ. 3103, பால் சேர்த்துச் சுவைக்கும் முறையையும் சேர்த்தே சொல்கிறது. நம் ஊர் டீத்தூளில் பெரும்பகுதி சி.டி.சி. வகை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும் அந்த முறையில் வரும் சாறு நிறமும் திடமும் உள்ளது, பாலைத் தாங்கக்கூடியது. பாலிலுள்ள புரதம் டீயின் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு நாக்கில் அதன் முனையை மழுக்குகிறது. எவ்வளவு மழுங்குகிறது என்பதையே ஒரு வாரம் கவனிக்கலாம்.

அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பால் ஊற்றுவதற்கு முன், கொதித்த சாற்றில் இரண்டு வாய் அளவு ஒரு சிறிய கண்ணாடி தம்ளரில் எடுத்து வைத்துவிடுங்கள். முதலில் நிறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாகச் செம்பழுப்பில் இருக்கிறதா, மங்கிக் கலங்கலாக இருக்கிறதா? பிறகு கொஞ்சம் ஆறியதும் சத்தமாக உறிஞ்சுங்கள். சத்தம் அநாகரிகத்துக்காக அல்ல. காற்றோடு சேர்ந்து உள்ளே போகும்போது டீ சிதறி, அதன் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அந்த மணம்தான். இதற்கும் மாமியார் சிரிப்பார். பரவாயில்லை, அவரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதன் பின் பால் சேர்த்த டீயை ஒரு வாய் குடியுங்கள். என்ன மறைந்தது, என்ன புதிதாக வந்தது? ஒரு நாளைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

கேள்விகள் தீர்ந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். தண்ணீர் ஒன்றே பல நாட்களுக்குப் போதும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் ஒரு தம்ளரும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தம்ளரும், கேன் தண்ணீரில் ஒரு தம்ளரும் அதே தூளைப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உப்பு அதிகமுள்ள கடினநீரில் மேலே மெல்லிய ஏடு படியும்; நிறமும் இருண்டு மங்கும். தூளை மாற்றிக்கொண்டே இருக்கும் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி தண்ணீர். சுவைஞர்களாகிய எங்களுக்குக்கூட ஒரே ஒரு குவளையை வைத்துக்கொண்டு பேசுவது சிரமம். இரண்டு இருந்தால்தான் வித்தியாசம் பேசும். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி இரண்டு தம்ளர் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து நேரம். டஸ்ட் வகைத் தூள் மிகச் சிறியது. இரண்டு மூன்று நிமிடத்தில் தர வேண்டியதைத் தந்துவிடும். அதற்கு மேல் அடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் கசப்பும் வறட்சியுமே கூடுகின்றன. பெரும்பாலான வீடுகளில் பாலையும் தூளையும் சேர்த்துப் பத்து நிமிடம் பொங்கவிடுகிறார்கள். அதுவும் ஒரு ருசிதான், காய்ந்த பாலின் இனிப்பு அதில் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, அடுப்பை அணைத்து, மூன்று நிமிடம் மூடி வைத்து, தனியாகக் காய்ச்சிய பாலைச் சேர்த்துப் பாருங்கள். இஞ்சி போடுபவராக இருந்தால் இன்னொரு சோதனை: பச்சை இஞ்சியைத் தண்ணீரோடு முதலிலேயே நன்றாகக் கொதிக்கவிட்ட டீயையும், பால் ஊற்றிய பிறகு இஞ்சி தட்டிப்போட்ட டீயையும் கவனியுங்கள். பின்னதில் பால் திரிய வாய்ப்பு உண்டு. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. கொதியில் அது செயலிழந்துவிடும்.

பிறகு ஆற்றுவது. டீக்கடைக்காரர் கையை உயர்த்தி ஆற்றுவது நுரைக்காக மட்டும் என்று நினைக்கிறோம். சூட்டைக் குறைப்பதும் அதன் வேலை. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் வகைப்படுத்தியது. அது டீயின் குற்றம் அல்ல, சூட்டின் குற்றம். நான்கைந்து முறை நிதானமாக ஆற்றிவிட்டு, நாக்கு பொறுக்கும் சூட்டில் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவருக்கு ருசியும் தெரியாது. சுட்ட நாக்கு அடுத்த வேளை வரைக்கும் எதையும் சொல்லாது.

இப்போது மாமியார். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவர் அவர்தான். அவருக்குத் தினமும் நீங்கள் டீ போட்டுத் தருகிறீர்கள் என்றால் விருந்தாளி வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் போய் 'இது கவனப் பயிற்சி' என்றெல்லாம் விளக்க வேண்டாம். 'அத்தை, இன்றைக்கு நேற்றையதைவிட எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்' என்று மட்டும் கேளுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். எங்கள் அறையிலும் மாதிரியின் பெயரைப் பார்க்காமல் சுவைப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. பல ஆண்டுகளாக ஒரே அடுப்பில் பால் காய்ச்சிய கை. தூள் மாறினாலும், பால்காரர் தண்ணீர் சேர்த்தாலும், முதல் வாயிலேயே கண்டுபிடிக்கிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடும். அப்படிச் சொல்லிவிட்டால் கொஞ்சம் எரிச்சல் வரும். அதையும் டீயோடு விழுங்கிக்கொள்ளுங்கள்.

உடல்நலம் பற்றிக் கேட்டதற்கு, நான் மருத்துவர் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டீயில் துவர்ப்பைத் தரும் டானின்கள் கீரை, தானியம், பருப்பு இவற்றிலிருந்து வரும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. மாத்திரைக்கும் இது பொருந்தும். பாலுக்கும் இரும்போடு ஒத்துப்போகாது. மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். எவ்வளவு இடைவெளி என்பதை மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள். டீயை அடியோடு விட வேண்டிய நிலையில் இருக்கிறீர்களா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும். இட்லியோடு டீ, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு டீ, இந்த இரண்டையும் நகர்த்தினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

தூக்கத்துக்கு வருவோம். அதே வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்கிறது. ஒரு டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருக்கும் என்கிறது. ஆறு டீ என்றால் 180-லிருந்து 390 வரை. திடமான தூளை நிறையப் போட்டுக் குடிப்பவர் எளிதில் வரம்பைத் தாண்டிவிடுவார். உடலில் ஏறிய காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். இரவு ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவிலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆகவே முதலில் போக வேண்டியது மாலை ஆறுக்குப் பிந்திய டீ. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும். வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். மூன்று டீயில் நின்றுகொள்ளலாம். டீயில் தியானின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது, அது மனத்தை அமைதிப்படுத்தும் என்று விளம்பரங்கள் சொல்லும். இருப்பது உண்மை. ஆனால் ஆய்வுகளில் கொடுத்துப் பார்க்கும் அளவு ஒரு தம்ளர் டீயில் இருப்பதைவிடப் பெரும்பாலும் அதிகம். அதை நம்பி ஒரு டீ கூடுதலாகக் குடிக்காதீர்கள். டீயைக் குறைத்த பிறகும் தூக்கமின்மையும் படபடப்பும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது டீயால் தீர்க்கிற விஷயம் அல்ல.

சர்க்கரையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். கவனத்துக்காக விட வேண்டியதில்லை. கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அவ்வளவுதான்.

டீ குடிக்கும்போது அதைப் பறித்த கைகளை நன்றியோடு நினையுங்கள் என்று இத்தகைய கட்டுரைகளில் எழுதுவார்கள். தேயிலை மலையில் வாழ்கிற எனக்கு அந்த வரியைப் படித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நினைப்பதானால் விவரம் தெரிந்து நினையுங்கள். உங்கள் பாக்கெட்டைத் திருப்பி, தூள் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவுக்குப் பச்சை இலை வேண்டும். நல்ல டீக்கு இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்பது கணக்கு. நீலகிரியில் அதைப் பறிப்பவர்களில் பலர், 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. டான்டீ என்று கடைகளில் நீங்கள் பார்க்கும் பெயர் அந்தத் தோட்டங்களுடையது. இங்குள்ள சிறு விவசாயிகள் பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் அப்போது வரும் நல்ல இலைத் தேயிலையின் மணமே தனி. ஊட்டி, குன்னூர் பக்கம் வந்தால் அந்தப் பருவத்தில் கொஞ்சம் இலை வாங்கிப் போங்கள். பால் சேர்க்காமல் ஒரு முறை, சேர்த்து ஒரு முறை போட்டு, உங்கள் தினசரித் தூளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஒரு ஒப்பீட்டிலேயே ஒரு மாதத்துக்கான கேள்விகள் கிடைக்கும்.

சில நாள் கேள்வி கேட்க மறந்துபோகும். பள்ளி வேன் வந்துவிடும், பால் பொங்கிவிடும், தம்ளர் காலியானதும்தான் ஞாபகம் வரும். அதற்கு ஈடுகட்ட இன்னொரு டீ போடாதீர்கள்; காஃபின் கணக்கு ஏறிவிடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். விரும்பினால் அடுக்களை நாட்காட்டியில் அன்றைய தேதிக்கு நேராக ஒரே ஒரு சொல் எழுதுங்கள். 'துவர்ப்பு', 'புகை வாசம்', 'தண்ணிப்பால்', எதுவாக இருந்தாலும் சரி. நாங்களும் மாதிரிச் சீட்டில் அதற்கு மேல் எழுதுவதில்லை.

கடைசியாக மாட்சா. கசந்ததற்குத் தூளை மட்டும் குறை சொல்ல முடியாது. கொதிநீரை நேராக ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு 80 டிகிரிக்கும் குறைவான நீர் போதும். இலையை முழுதாக அரைத்த தூள் என்பதால் காஃபினும் கூடவே வருகிறது, மாலையில் வேண்டாம். டப்பாவைத் திறந்த பிறகு காற்றும் வெளிச்சமும் பட்டால் பச்சை நிறம் மங்கி, வைக்கோல் வாசம் வந்துவிடும். இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் காலி செய்யுங்கள். ஒரு கரண்டித் தூளைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் அந்த மூங்கில் மத்தால் அடித்து, குளிர்ந்த பாலும் சர்க்கரையும் சேர்த்தால் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் வீணாகாது. மத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். வெந்நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.